உடன் வருபவர் பெயர்

கர்த்தருடைய கிருபையால் இன்று நம் சபைச் சகோதரிகளான உங்களுக்கு இந்தச் சாட்சியை எழுதுகிறேன். என் பெயர் கிரேஸ். வயது நாற்பத்தொன்பது. புதுவாயலில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. என் அக்கா மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். தினமும் டைரி எழுதும் பழக்கம் இருப்பதால் கிழமைகளைச் சரியாகச் சொல்ல முடிகிறது.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை கம்பெனியில் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. திரைக்குப் பின்னால் ஒரு நர்சம்மா மார்பைக் கையால் அழுத்திப் பார்த்தார். இடது பக்கத்தில் அவர் கை நின்றது. மறுபடி பார்த்தார்.

“ஏதோ தடிப்பா தெரியுதும்மா. கையால பாத்து முடிவு சொல்ல முடியாது. மேமோகிராம்னு மார்புக்கு எடுக்கற எக்ஸ்ரே இருக்கு, அத எடுத்துடுங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, ரயில் பிடித்து, சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். படிவத்தில் என் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். ‘உடன் வருபவர் பெயர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கவுன்டரில் இருந்தவர் கேட்டார்: “கூட யார்மா வந்துகிறாங்க?”

யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைய டைரியில் ஒரு வரிதான் இருக்கிறது: ‘போனேன். திரும்பினேன்.’

நம் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று விண்ணப்ப நோட்டில் எழுதி வாசிக்கிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்ல விரும்பாதவர்களுக்குப் பெயரில்லாமல் எழுதுவது நம் வழக்கம். அந்த வெள்ளி கடைசி வரியாக எழுதினேன்: ‘ஒரு சகோதரியின் சரீர பயம்.’ நானே சத்தமாக வாசித்தேன். எல்லோரும் முழங்காலில் நின்று, யாரென்று தெரியாத அந்தச் சகோதரிக்காக அழுது ஜெபித்தீர்கள். எல்லோரையும்விடச் சத்தமாக ‘ஆமென்’ சொன்னவள் நான்.

பதினோரு வெள்ளிகள் இப்படிப் போயின. சபை முழுவதும் எனக்காக ஜெபிக்கிறது, ஆனால் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை. அந்தத் தனிமையை எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, ஒரு தட்டை எடுத்து வைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிடுவேன். ஜெபிக்கிறோமே, போகத் தேவையில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கம்பெனியில் சந்தேகமான பாகத்துக்கு மஞ்சள் சீட்டு கட்டித் தனியே வைப்போம். அந்த ஷிப்ட் முடிவதற்குள் அளந்து முடிவு சொல்லியாக வேண்டும். ஒரு பாகத்தைக்கூட நான் மறுநாளுக்கு விட்டதில்லை. என்னை மட்டும் விட்டுவைத்தேன்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து செருப்பு போடும்போது என் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் நம் லில்லி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பேர் போடாத விண்ணப்பம் கீதே, அது நான்தான்னு உனுக்கு எப்டிக்கா தெரிஞ்சுது? எங்க ஊட்டுக்காரர் கிட்டகூட நான் சொல்லலியே. கர்த்தர் காமிச்சாரா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னா சொல்ற லில்லி?”

“மார்ல ஒரு கட்டிக்கா. கோலிகுண்டு மாதிரி உருளுது. பயந்துக்கினே இருந்தேன். நீ வாரா வாரம் படிக்கச் சொல்லோ, ஆண்டவரே எனக்காவ இத்தினி பேரான்னு அழுவேன்.”

ஆமாம், கர்த்தர் காட்டினார் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நானும் ஒளிந்தே இருந்திருப்பேன்.

“இல்ல லில்லி. அது நான்.”

கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். “அடிப்பாவி அக்கா! அப்போ உனுக்காவா நான் முட்டி தேய முட்டி போட்டேன்?”

“அப்போ நானும் தெரியாமலே உனக்காகத்தானே முட்டி போட்டிருக்கேன்.”

“சரி, வா. செவ்வாக்கெழம ரெண்டு பேரும் போலாம். வரலன்னா, ஊட்டாண்ட வந்து இட்டுக்கினு போவேன்.”

போனோம். என் படிவத்தில் ‘உடன் வருபவர்: லில்லி’. அவள் படிவத்தில் ‘உடன் வருபவர்: கிரேஸ்’.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். “கையால பாக்கறது முதல் படி. உங்க வயசுக்கு மேமோகிராம் சரி. லில்லிக்கு முப்பத்திரண்டுதான், சின்ன வயசுல திசு அடர்த்தியா இருக்கும், எக்ஸ்ரேல கட்டி மறைஞ்சுடலாம். அதனால முதல்ல ஸ்கேன். சந்தேகம்னா ஊசியில கொஞ்சம் சதை எடுத்துப் பாப்போம். உங்க அக்காவுக்கு வந்ததுன்னு சொல்றீங்களே, கட்டி எதுவும் தெரியறதுக்கு முன்னாடியே நீங்க வந்திருக்கணும்.”

மேமோகிராமுக்கு மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார்கள். வலித்தது, சில நொடிகள்தான். இந்தச் சில நொடிகளுக்காகவா பதினோரு வாரம் பயந்தேன்?

லில்லிக்கு வந்தது சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. எனக்கு ஊசியில் சதை எடுத்துப் பார்த்தார்கள்; வந்தது புற்றுநோய். சிறியது, பரவவில்லை. அக்டோபரில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியை மட்டும் எடுத்தார்கள். பிறகு வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. லில்லியால் தினமும் லீவு போட முடியாது. கதிர்வீச்சு தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நோட்டில் முதல் வரியாக என் பெயரையும் நோயையும் எழுதி வாசித்தேன். அதன்பின் ஒரு நாளும் நான் ரயிலில் தனியாகப் போகவில்லை. டைரியில் ஒவ்வொரு நாளுக்கு எதிரிலும் உங்களில் ஒருவருடைய பெயர் இருக்கிறது.

சுகம் தா என்று கேட்டேன். கர்த்தர் முதலில் துணையைத் தந்தார்; துணையோடு நடந்து போன இடத்தில் சுகத்தை வைத்திருந்தார். சிகிச்சை முடிந்துவிட்டது. மாத்திரையும் பரிசோதனையும் தொடர்கின்றன. வீட்டில் இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் சாப்பிடும் நேரம் பார்த்து லில்லி போன் செய்வாள், “இன்னாக்கா கொழம்பு?” என்று.

சகோதரிகளே, ஜெபியுங்கள்; பரிசோதனைக்கும் போங்கள். கட்டி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், என்ன பரிசோதனை எப்போது என்று டாக்டரிடமோ நர்சம்மாவிடமோ கேளுங்கள். உங்களிலும் யாராவது ஒரு சீட்டை மடித்து வைத்திருக்கலாம். படிவத்தில் ‘உடன் வருபவர் பெயர்’ என்ற இடத்தில் உங்கள் பேனா நின்றால், என் பெயரை எழுதுங்கள். நான் வருகிறேன்.