அம்மாவுக்கு ஐஸ் ஹாக்கி சொல்லிக் கொடுத்தது

எங்கள் வீட்டில் ஐஸ் ஹாக்கியின் சட்டதிட்டமெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மாதனூரிலேயே ஒரே ஆள் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். போட்டிக்கு யாரும் வரப்போவதில்லை. ஆறாம் வகுப்பு அரையாண்டு லீவில், அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே அதைக் கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. நூல் வெட்டும் மேஜையில் ஆறு வருஷம் ஹெல்பராகக் குனிந்து கிடந்த பிறகு கிடைத்த மெஷின் அது. அந்த வருஷம் மழைக்காலத்தில் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சாம்பிள் ஆர்டர் வந்தது. கணுக்காலுக்கு மேல்வரை ஏறுகிற பூட்ஸ். கணுக்கால் பக்கம் பலகை மாதிரி விறைப்பாக இருந்ததாம். விறைப்பான ஷூ காலைக் கடிக்கும், கடிக்கிற ஷூ திரும்பி வரும் என்பது அம்மா தொழிலில் கற்ற முதல் பாடம். ஆகவே, யாரும் கேட்காமலே, தைத்து முடித்த பதினெட்டு ஜோடியையும் சுத்தியலால் தட்டித் தட்டி, மடக்கி மடக்கி, பூப்போல ஆக்கிவிட்டாள்.

அது பனிக்கட்டி மேல் சறுக்கி ஐஸ் ஹாக்கி விளையாடுகிறவர்கள் போடும் பூட்ஸ். அடியில் கத்திபோல ஓர் இரும்பு வரும். கணுக்கால் விறைப்பாக இல்லாவிட்டால் கால் மடங்கி ஆள் விழுவான். பதினெட்டு ஜோடியும் வீண். அம்மாவைப் பழையபடி நூல் வெட்டும் மேஜைக்கே அனுப்பிவிட்டார்கள். மெஷின் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அம்மா கேட்டதற்கு சூப்பர்வைசர், "பாக்கலாம்" என்றாராம். அதன் பிறகு எத்தனை தடவை கேட்டாலும் அதே "பாக்கலாம்"தான்.

எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மெஷின் மிதிப்பதைவிட சும்மா உட்கார்ந்து நூல் வெட்டுவது சுகமான வேலை என்றுதான் நினைத்தேன்.

"அது இன்னா ஆட்டம்னு நானும் பாக்கணும், போன்ல போடு பாப்பா" என்றாள் அம்மா ஒரு நாள். கனடாவில் சாயங்காலம் நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வரும். ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் சோறு வடித்து, டிபன் கட்டி, நடுநடுவே என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

நான் டீச்சர் ஆகிவிட்டேன். பந்து கிடையாது, ரப்பர் வட்டு. பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவன் கோல் காப்பவன். இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. நீலக் கோட்டை வட்டு தாண்டுவதற்கு முன் ஆள் தாண்டினால் ஆப்சைடு. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். ஆனால் வட்டைப் பார்க்கவே மாட்டாள், கால்களைத்தான் பார்ப்பாள்.

"எம்மாம் வேகமா வர்றான், கணுக்கால் கொஞ்சமாச்சும் மடங்குதா பாரு. நான் போய் அத மெத்துன்னு ஆக்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"இன்னா, அம்மாவும் பொண்ணும் கனடாவுக்கே குடி போய்டுவீங்க போல இருக்குதே" என்பார் அப்பா, பல் தேய்த்துக்கொண்டே.

ஒரு நாள் ஆட்டத்தில் ஒருவன் இன்னொருவன் காலில் மட்டையைக் கொடுத்து விழவைத்தான். விசில் ஊதி, அவனை ஓரத்தில் இருந்த கண்ணாடித் தடுப்புக்குள் அனுப்பினார்கள்.

"தப்பு பண்ணா அதுக்குள்ள போய் உக்காரணும்மா. அவன் டீம் ஒரு ஆள் கம்மியா ஆடணும்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்ன மாதிரியே உக்காந்துனு இருக்கான் பாரும்மா!" என்றேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அம்மா திட்டவில்லை. டிபன் பையோடு குனிந்து போனைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் உக்காரணும்?"

"ரெண்டு நிமிஷம். அதோ, கடியாரம் ஓடுது பாரு."

"அப்புறம்?"

"கதவத் தொறந்து வுட்டுடுவாங்க. திரும்ப ஆடலாம்."

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"இன்னாத்தக் கேக்கறது? அதான் முடிஞ்சி போச்சே."

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஒரு நாளும் பஸ்ஸைக் காக்க வைக்காத அம்மா, அன்று அசையவில்லை. கடியாரம் பூஜ்யத்துக்கு வந்தது. கதவு திறந்ததும் அவன் ஒரே தாவாகத் தாவி பனிக்கட்டியில் இறங்கினான்.

"குடுத்து வச்சவன்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஓடினாள் அம்மா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்டனை வாங்கி மூலையில் உட்கார்ந்துவிட்டு வருகிறவன் எப்படிக் கொடுத்து வைத்தவன் ஆவான்? லீவு முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தும் அம்மாவுக்கு ஆட்டம் புரியவே இல்லையே என்று அன்று நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.