ட்ரிப்புக்கு வந்தவள் இல்லை

"எங்க இருக்கீங்கன்னு கஸ்டமர் யாராவது கேட்டா, நுவரெலியாவுக்கு ட்ரிப் வந்திருக்கேன்னு சொல்லிடுங்க." வேலையில் சேர்ந்த முதல் வாரமே கொழும்பு அலுவலகத்திலிருந்து மேலாளர் எனக்குப் போட்ட கட்டளை இது.

நான் பிறந்ததே இந்தத் தேயிலை மலையில்தான். கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், அதற்குப் பிறகு நடைதான். அம்மா இன்றைக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேறுகிறார். அவரை யாரும் ட்ரிப் வந்தவர் என்று சொன்னதில்லை. அவர் பெற்ற மகள் மட்டும் தோட்டத்து வரிசை வீடான சொந்த லயத்தில் உட்கார்ந்துகொண்டு சுற்றுலாப் பயணியாக நடிக்க வேண்டுமாம்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அது என் முதல் வேலை, வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டதற்காக என்மீதே எனக்கு இன்னும் எரிச்சல் இருக்கிறது.

வாடிக்கையாளர்களுக்காக நாங்கள் எழுதும் இணையச் செயலிகளை வாடகைக் கிளவுட் சர்வரில் ஏற்றி ஓடவிடுவது என் பொறுப்பு. டிப்ளாய் பண்ணுவது என்போம். அலுவலகத்தில் இருப்பவர்கள் முழுச் செயலியையும் தங்கள் லேப்டாப்பில் தயார்செய்து, ஒரே மூட்டையாக மேலே அனுப்புவார்கள். எங்கள் சிக்னலில் அந்த மூட்டை பாதி வழியில் நின்றுவிடும். அதனால் நான் வேறு வழி கண்டுபிடித்தேன். மாற்றிய வரிகளை மட்டும் அனுப்புவேன். மீதியைக் கிளவுட்டே சேர்த்துக் கட்டும். புதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்த பிறகுதான் பழையதை நிறுத்தும். இல்லாதவர்களுக்குத்தான் சிக்கனமாக யோசிக்க வரும் என்று நினைக்கிறேன்.

சிக்னல் கொஞ்சமாவது நிற்கிற இடம், லயத்துக்கு மேலே மலை ஊற்று கொட்டுகிற, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெரிய குடை, மடியில் லேப்டாப். குடத்தோடு வருகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள்.

"என்னா புள்ள, இன்னைக்கும் பீலிக்கரையிலதான் ஆபீஸா?"

"ஆமாங்கக்கா. வாடகை இல்லாத ஆபீஸ்."

எங்கள் பெரிய வாடிக்கையாளர் கொழும்பில் இருக்கும் ஓர் அம்மா. நுவரெலியாப் பக்கம் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாக்களை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார். சீசனுக்கு முன்னால் அவருடைய முன்பதிவுத் தளத்தைப் புதுப்பித்து ஏற்ற வேண்டியிருந்தது. "உங்க மலைச் சிக்னல நம்பி இத விட முடியாது, நானே ஏத்துறேன்" என்றார் மேலாளர். அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சர்வர் சாவி கொழும்பில் வந்து தங்கி வேலை செய்பவர்களிடம்தான் இருக்குமாம். சாவி என்றால் சர்வருக்குள் நுழையும் அனுமதி. அது போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது எழுத்துப்பிழை திருத்தும் வேலைதான். கொழும்பில் அறை எடுக்க எனக்கு மனமில்லை. என் வேலையை இங்கிருந்தே செய்ய முடியும்போது எதற்காகப் போக வேண்டும்?

அன்று காலை பத்து மணிக்கு அவரே ஏற்றினார். நானும் அந்த அம்மாவும் அழைப்பில் இருந்தோம். பக்கம் திறந்தது. அறையைப் பதிவுசெய்யும் பொத்தானை அழுத்தினால் பிழை என்று வந்தது. மறுபடி அழுத்தினாலும் அதே பிழை.

"என் லேப்டாப்ல நல்லா ஓடுதே மேடம்" என்றார் மேலாளர். சர்வர் காட்டிய பிழையைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புதிய தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அவர் தன் லேப்டாப்பில் மட்டும்தான் வைத்திருந்தார், சர்வருக்குச் சொல்லவே இல்லை. நான் வைத்த சோதனையையும் அவசரத்தில் தாண்டிப் போயிருந்தார்.

"மேடம், ரெண்டு நிமிசம் குடுங்க" என்று நான் குறுக்கிட்டேன். முதலில் பழைய பதிப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன், முன்பதிவு மீண்டும் ஓடியது. பிறகு கடவுச்சொல்லைச் சர்வரில் பதித்து, புதியதை என் வழியிலேயே அனுப்பினேன். இரண்டு கோடு சிக்னலில் ஏறியது. பொத்தானை அழுத்திப் பார்த்த அந்த அம்மா பெருமூச்சு விட்டார்.

"தண்ணி விழுற சத்தம் கேக்குதே, எங்க இருக்கீங்க நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் முந்திக்கொண்டார். "அவங்க நுவரெலியாவுக்கு ட்ரிப் போயிருக்காங்க மேடம்."

"இல்லீங்க மேடம்" என்றேன். "ட்ரிப்பெல்லாம் இல்ல. இது எங்க லயத்துப் பீலி. நான் இங்கதான் பொறந்தேன், இங்கதான் இருக்கேன். எங்கம்மா கொழுந்து எடுக்குறாங்க. உங்க சைட்ட இதுவரைக்கும் இங்க இருந்துதான் ஏத்தியிருக்கேன்."

என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான். "அப்படியா" என்றார் அந்த அம்மா. பாராட்டவும் இல்லை, முகம் சுளித்ததாகவும் தெரியவில்லை. பங்களாப் படங்களை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

உடனே மேலாளர் எனக்குத் தனியாகப் போன் எடுத்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? கம்பெனி பேர் என்னாகும்?"

"பேரு பத்து மணிக்கே விழுந்துருச்சுங்க. தூக்கிவிட்டது இந்தப் பீலிக்கரையில இருந்துதான்."

"அடுத்த மாசம் சாவியக் குடுத்துடுங்க."

"குடுக்குறேன். ஆனா ஏன் எடுக்குறீங்கன்னு எழுதி அனுப்புங்க. 'நீங்க லயத்துல இருக்கீங்க, அதனால'ன்னு, அதே வார்த்தையில எழுதுங்க. கையெழுத்தும் போடுங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அந்த அடுத்த மாதம் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போய்விட்டது. வாயால் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும், எழுதத்தான் கை வரவில்லை. இன்று காலையும் சர்வரைத் திறந்தது நான்தான்.