அத்தையின் படகில் ஓர் எலுமிச்சம்பழம்

அந்த வருடம் பாதி நாள் நான் வகுப்பில் சொறிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். பேனும் இல்லை, சிரங்கும் இல்லை. வீட்டில் அத்தை படகு கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை அப்பாவின் தங்கை. கோலாலம்பூரிலிருந்து தள்ளி, பண்டமாரானில் எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்துப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடும் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களின் கப்பல்களை வரைந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் தன் கப்பலைக் கட்டுவார். கப்பல் என்றால் ரொம்பப் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். பேட்டரியில் ஓடும் பந்தயப் படகு. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கரையில் நின்றபடியே ஓட்ட வேண்டும்.

டெங்கில் பக்கம், ஈயம் தோண்டிவிட்டுப் போன ஒரு பழைய குட்டையில் ஞாயிறு தோறும் இப்படிப் படகு விடுகிறவர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் சீன அங்கிள்கள், சில மலாய்க்கார அண்ணன்கள். பெண் என்று பார்த்தால் அத்தை ஒருவர்தான். மற்றவர்கள் கடையில் வாங்கிய படகுக்குள் தங்களுக்குப் பிடித்த மோட்டாரை வைத்து ஓட்டினார்கள். அத்தைக்கு அது போதவில்லை. படகின் அடிப்பாகம் எப்படி வளைந்திருந்தால் வேகம் குறையாமல் திரும்பும் என்று அவருக்கு ஒரு சொந்த யோசனை இருந்தது. அதைக் கணினியில் வரைந்தார். நுரைப்பலகையில் அந்த வடிவத்தைச் செதுக்கினார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பசை பூசி, காயவிட்டுத் தேய்த்தார். தேய்த்தார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நாள் கணக்காகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தூள் பறந்து வந்து கொடியில் காய்ந்த என் பள்ளிச் சீருடையில் படிந்தது. கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத்தான் தெரியும்.

"டீச்சர் என்னைக் கூப்ட்டு கேக்குறாங்க லா! பேன் இருக்கான்னு!" என்று அம்மா ஒருநாள் கத்தினார்.

"சாரி அண்ணி" என்றார் அத்தை. மறுநாள் கொடியை நகர்த்திக் கட்டினார். படகை நகர்த்தவில்லை.

குட்டையில் படகு விடுகிறவர்களில் மூத்தவரான ஒரு சீன அங்கிள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். படகைக் குப்புறக் கவிழ்த்து, அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். திரும்பும்போது இது கவிழும் என்று மலாயில் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் குறி. வரப்போகிற பந்தயத்தில் முதல் பரிசு வேண்டாம், கவிழாமல் திரும்பினால் போதும் என்று என்னிடமே சொன்னார். என்னிடம் சொல்கிறார் என்றால் வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

படகில் எடை ஒரு பக்கம் கூடிவிடக் கூடாதாம். பேட்டரியை ஒரு நகக்கண் அளவு முன்னே தள்ளுவார். குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்ப்பார். மறுபடி பின்னே தள்ளுவார். குளிக்கக் காத்திருக்கும் அப்பா தோளில் துண்டோடு வெளியே நிற்பார். தங்கையை அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கதவைப் பார்த்து இருமுவார்.

பந்தயத்தன்று காலையில்தான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. அதுவரை அந்தக் குட்டைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அம்மா, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். கேசரி கிண்டி, வடை சுட்டு, டப்பாக்களில் அடுக்கினார். அப்பா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் இருந்தார். அத்தை மட்டும் வழக்கம்போலத் தொப்பியும் கால்சட்டையும்.

"அந்த மஞ்ச சுடிதாரையாச்சும் போட்டுக்கம்மா."

"குட்டையில எறங்கணும் அண்ணி."

காரில் போகும்போது, தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருக்க வேண்டும் என்று அப்பா எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். யாரைச் சந்திக்கப்போகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை.

கரையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றிருந்தது. ஓர் ஆன்டி, ஓர் அங்கிள், கண்ணாடி போட்ட அவர்களுடைய மகன். அந்த ஆன்டியும் பட்டுச்சேலைதான். அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்து, "அட, நீங்களா!" என்று ஒரே குரலில் ஆச்சரியப்பட்டார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் கோலாலம்பூரிலிருந்து டெங்கில் குட்டைக்குத் தற்செயலாக எப்படி வரும் என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். போதாததற்கு, தெருவில் போகிற எல்லா ஆண்களையும் அங்கிள் என்று கூப்பிடச் சொல்லி வளர்த்த அம்மா, இந்தக் கண்ணாடிக்காரரை மட்டும் "மாமான்னு கூப்புடு" என்று காதோடு சொன்னார்.

அந்த மாமாவை எனக்குப் பிடித்திருந்தது. படகுகளில் எது எங்களுடையது என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். பிறகு அத்தையிடம் போய் அடிப்பாகத்தைப் பற்றி ஏதோ கேட்டார். அத்தை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். குட்டைக் கரையில் அத்தை தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அம்மா அப்பாவை முழங்கையால் இடித்தார்.

பந்தயத்துக்குக் கொஞ்சம் முன்னால் அத்தை பேட்டரியை வைத்து, மூடியைப் பொருத்தி, தண்ணீர் புகாமல் சுற்றிலும் டேப் ஒட்டினார். அந்த நேரம் பார்த்து அந்த ஆன்டி அவரைக் கூப்பிட்டுப் பூ கொடுத்தார். அத்தை அந்தப் பக்கம் போனதும் அம்மா கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்காமல் எந்தப் புது வண்டியும் ரோட்டில் ஏறியதில்லை. படகுக்குச் சக்கரம் இல்லை. அம்மா ஒரு நிமிடம் தடுமாறினார். பிறகு பழத்தைப் படகின் தலையைச் சுற்றிக் காட்டி, டேப்பை மெல்ல உரித்து, மூடியைத் தூக்கி உள்ளே வைத்து, மறுபடியும் ஒட்டித் தடவிக்கொடுத்தார்.

"இத்தன பேரு பாக்குறாங்க. கண்ணு பட்டுறக் கூடாது. அத்தகிட்ட சொல்லாத, சொன்னா பலிக்காது" என்றார்.

பலிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எது பலிக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

படகு போன வேகத்தில் நான் கத்திவிட்டேன். முதல் திருப்பத்தில் அது கவிழவில்லை. தண்ணீரை அணைத்துக்கொண்டு அழகாகத் திரும்பியது. சீன அங்கிள் தன் படகை விட்டுவிட்டு அத்தையின் படகைப் பார்த்தார். அத்தை சிரிக்கவில்லை, மூச்சுகூட விடவில்லை. இரண்டாவது திருப்பத்திலும் படகு திரும்பியது. ஆனால் நிமிரவில்லை. திரும்பிக்கொண்டே போய், வட்டம் சிறுத்து, ஒரு துள்ளுத் துள்ளிக் குப்புற விழுந்தது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அடிப்பாகம் வழுக்கிவிட்டதுபோலத்தான் தெரிந்தது.

யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன் அந்த மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, நல்ல சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். மார்பளவு ஆழத்தில் போய்ப் படகைப் பிடித்து, கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டில் கரையேறினார். நான்தான் முதலில் ஓடிப்போய் நின்றேன். அவர் டேப்பைப் பிய்த்து மூடியைத் திறந்தார். சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டாரின் கைக்கு அடியில், உருண்டு போய் மாட்டிக்கொண்டு, நசுங்கிக் கிடந்தது எலுமிச்சம்பழம்.

மாமா அதைப் பார்த்தார். தூரத்தில் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். பழத்தை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே கைக்குட்டையால் துடைத்தார். அத்தை ஓடி வந்தபோது, "தண்ணி பூந்திருச்சிங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அவருக்கும் அம்மாவின் விதி தெரிந்திருக்கிறது, சொன்னால் பலிக்காது என்பதால்தான் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள். வீடு திரும்பும்போது அம்மா வழியெல்லாம், "ஈரச் சட்டையோட நின்னாரு பாரு. மனுசன்னா அவருதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர்கள் வீட்டில் பிடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை, "சரி, பாக்கலாம்" என்றார். மாலை நேரங்களில் அவருடைய ஃபோன் அடித்தது. அத்தை பேசிக்கொண்டே வாசலில் நடந்தார், சிரித்தார். ஃபோனை வைத்ததும் நேரே பின்பக்கம் போய்ப் படகின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தொட்டியில் முக்கிப் பிடித்துப் பார்த்தார், உள்ளே ஒரு சொட்டுப் புகவில்லை. மோட்டார் சுற்றியது. சுக்கான் திரும்பியது. எல்லாம் சரியாக இருந்தால் தப்பு தன் யோசனையில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். சரியாகச் சாப்பிடவில்லை. ஃபோனில் சிரிக்கிறவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை வேலைக்குப் போயிருக்கவில்லை. படகைக் கவிழ்த்து வைத்து, அடிப்பாகத்தில் பென்சிலால் கோடு போட்டு, கையில் ரம்பத்தை எடுத்திருந்தார்.

"அறுக்கப் போறீங்களா அத்தை?"

"இது தப்பு பாப்பா. அந்த அங்கிள் சொன்னது சரிதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் படகுக்காக எத்தனை நாள் சொறிந்திருக்கிறேன். "உள்ள எலுமிச்சம்பழம் இருந்துச்சி" என்றேன்.

"யாரு வெச்சா?"

"அம்மா."

"யாரு எடுத்தா?"

"மாமா. பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு."

"எங்க இருந்துச்சி?"

சுக்கான் மோட்டாரைக் காட்டினேன். அத்தை ரம்பத்தைக் கீழே வைத்தார். கையெல்லாம் தூளாக இருந்ததால் ஃபோனை ஸ்டூலின்மேல் வைத்து, மாமாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"படகுக்குள்ள என்னாங்க இருந்துச்சி?"

"எலுமிச்சம்பழங்க. உங்க அண்ணிதான் வெச்சிருப்பாங்கன்னு தோணுச்சி. அத்தன பேரு முன்னாடி அவங்களுக்கு அசிங்கமாயிடுமேன்னு…"

"அப்புறம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே. தெனமும் பேசுனோமே."

"சின்ன விசயம்தானேங்க. இது போனா இன்னொரு படகு."

அத்தை பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா இருமினார். அம்மா அழுதார்.

"வெச்சது நான். திட்டணும்னா என்னைத் திட்டு. எடுத்துப் போட்ட மனுசன் என்னா பண்ணாரு?"

"நீங்க அது நல்லா ஓடணும்னு வெச்சீங்க அண்ணி" என்றார் அத்தை. இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவிடம் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. பழத்தை வைத்தவருக்குக் கோபம் இல்லை. அதை எடுத்தவர், நல்ல சட்டையை நனைத்துக்கொண்டவர், அம்மாவின் மானத்தைக் காப்பாற்றியவர், அவர் வேண்டாமாம். அன்று மாலை அத்தை தண்ணீர்விட்டு அந்தப் பென்சில் கோட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அந்த மாமா நல்லவருதானே அத்தை?"

"ரொம்ப நல்லவரு."

"பின்ன ஏன் வேணாம்?"

அத்தை துடைப்பதை நிறுத்தவில்லை. "இந்தப் படகு தப்புன்னு நான் இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன் பாப்பா. தப்பு இல்லன்னு அவருக்குத் தெரியும்."

நான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் இவர் படகைப் பற்றியே பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.