மஞ்சள் மாத்திரையும் ஒரே ஈரலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். என் எடை இருநூற்றுப் பதினான்கு பவுண்டு. வீட்டில் ஆளை நிறுக்கும் தராசு ஏது? பஞ்சுக் கிடங்குத் தராசில் ஏறிப் பார்த்தது அது. பள்ளியில் மாடிப்படி பதினெட்டு. பத்தாவது படியில் மூச்சு வாங்கும். என் அப்பாவும் பருமன்தான், நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். எனக்கு நாற்பது முடிந்திருந்தது.

பம்பாயில் இருந்த என் மைத்துனர் ஒரு புட்டி மாத்திரை அனுப்பினார். மஞ்சளோ மஞ்சள். உடம்பில் இருக்கும் கொழுப்பை எரித்துவிடுமாம். நாளைக்கு இரண்டு என்று சீட்டில் அச்சடித்திருந்தது. சாதாரண நூற்றைம்பது பவுண்டு ஆளுக்கு இரண்டென்றால் எனக்கு எத்தனை? விகிதம் போட்டேன். இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மூன்றாக்கிக்கொண்டேன்.

எட்டே நாளில் ஏழு பவுண்டு இறங்கியது. வேர்வையில் நாளைக்கு நான்கு சட்டை நனைந்தது. உடம்பு கொதித்தது. நம் பக்கம் சூடு பிடித்தால் என்ன செய்வோம்? ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அரப்பு போட்டு, தாங்குகிற அளவு கொதிநீரில் தலை முழுகினேன். பதினேழு சொம்பு. பதினெட்டாவதை மொள்ளும்போது கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளியிருந்த டாக்டரை என் மனைவி கூட்டிவந்தாள். அவர் நாடி பிடித்தார், நூற்றுமுப்பத்திரண்டு. சூடு நூற்றுமூன்று.

"வாத்தியாரே, உள்ளுக்குள்ள அடுப்பு எரியறப்ப மேல கொதிதண்ணி ஊத்துனா எப்படிங்க தணியும்?" என்றவர், புட்டியைப் பார்த்தார். "எத்தனை முழுங்குனீங்க?"

விகிதத்தைச் சொன்னேன்.

"கணக்கு சரிதானுங்க. ஆனா மருந்தைக் கழிச்சு வெளிய தள்ளறது கொழுப்பு இல்லைங்க, ஈரலும் சிறுநீரகமும். உங்களுக்கென்ன ஒண்ணரை ஈரலா வச்சிருக்குது? இன்னைக்குத் தின்னது கழியறதுக்குள்ள நாளைக்குத் தின்னது சேருது. அதுதான் இத்தனை எரிச்சல்."

"நான் பிழைப்பனுங்களா?"

"இன்னும் ரெண்டு நாள் தின்னிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். இப்பச் சொல்றேன், பொழைப்பீங்க. உங்க மூத்திரத்தைப் பாருங்க. மஞ்சள் வர்ற வரைக்கும் மருந்து வெளிய போய்க்கிட்டிருக்குதுன்னு அர்த்தம். வெளுத்துருச்சுன்னா போயிருச்சு."

ஈரத் துணியைப் போர்த்தி, விசிறி, அரைமணிக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் சூடு நூற்றொன்றுக்கு இறங்கியது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் மூத்திரத்தை ஒரு மருந்துக் குப்பியில் பிடித்து, நாள் எழுதி ஒட்டி, ஜன்னலில் வரிசையாக வைத்தேன். முதல் குப்பி அரைத்த மஞ்சள். இரண்டாவது அதிலிருந்து இம்மியும் குறையவில்லை என்று எனக்குப் பட்டது. அன்று முழுக்க நாடியை இருபத்தாறு முறை பார்த்தேன்.

"ஏனுங்க, அதையே புடிச்சுக்கிட்டிருந்தா அதுக்குமே பயம் வந்து ஓடாதுங்களா?" என்றாள் மனைவி.

மூன்றாவது எலுமிச்சம்பழ நிறம். நான்காவது வைக்கோல். ஆறாம் நாள் அவள் இன்னொரு குப்பியில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவந்து, இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"எது கெணறு, எது நீங்கன்னு தெரியலீங்க."

"மோந்து பாரு."

"வாத்தியாருக்குப் பழைய வாய் திரும்பி வந்துருச்சு," என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். நாடி எண்பத்துநான்கு. மிச்ச மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, "இனி கொழுப்பைக் காலால கரைங்க. இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போதும்," என்றார்.

தெருமுனைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி. வழியில் ஒரே ஒரு தடவைதான் நின்றேன்.