அச்சுப் பிழை அல்ல

பரமேஸ்வரி ரீச்சர் காலமான செய்தி வந்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் அவருடைய கணவர், "சேர், அவ போயிட்டா" என்றார். "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை. செத்தவீடுகளுக்குப் போய் வந்தே களைத்துப்போன வயது எனக்கு. கேத்தலை நிறுத்திவிட்டு ரீச்சருடைய கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அவரை அறிந்தவர்கள்தான் இந்த நினைவு மலரை வாசிப்பீர்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் நாங்கள் இருவரும் விஞ்ஞானம் படிப்பித்தோம். ஒரே ஆய்வுகூடம், ஒரே அலுமாரி, ஒரே கேத்தல். சாம்பல்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். வந்ததும் என் மேசையைப் பார்த்து, "இண்டைக்கும் குப்பைதானோ, சேர்?" என்பார். அதுதான் எங்களுடைய காலை வணக்கம்.

இரசாயனப் பிணைப்புப் பாடம் வந்தால் வீட்டுக் குசினியிலிருந்து பழைய கரண்டிகள் கொண்டுவருவார். ஒன்றில் மெழுகு, ஒன்றில் சீனி, ஒன்றில் உப்பு. விளக்கில் பிடித்தால் மெழுகு உடனே உருகும். சீனி கொஞ்சம் தாக்குப்பிடித்து உருகும். உப்பு அப்படியே கிடக்கும். மெழுகின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்லத்தான் பிடித்திருக்கின்றன. சீனியில் அந்தப் பிடி இன்னும் கொஞ்சம் இறுக்கம். உப்பிலோ ஒவ்வோர் அயனையும் எதிர் அயன்கள் எல்லாப் பக்கத்தாலும் இழுத்து வைத்திருக்கின்றன. அதைத் தளர்த்தப் பள்ளிக்கூட விளக்கின் சூடு போதாது. "உருகுமோ உருகாதோ எண்டு சொல்ல முதல், எதை எது பிடிச்சிருக்குதெண்டு கேளுங்கோ" என்பார். பாடசாலை அதிபர் தந்த மேலதிக வேலைக்கெல்லாம் தலையாட்டிவிட்டு நான் வந்த ஒரு நாள், "சேர் சுத்த மெழுகு" என்று சிரித்தார். உண்மைதான். எனக்கு யாரோடும் வாதாடத் தெம்பு இருந்ததில்லை.

அடுத்தது கேத்தல். ஆவி எழும்பும்போது அதற்கு மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடிப்பார். தட்டில் துளிகள் சேரும். "இது என்ன? தண்ணிதானே. கொதிக்கேக்க மூலக்கூறுகள் ஒண்டை விட்டு ஒண்டு விலகுது, அவ்வளவுதான். உள்ளுக்குள்ள இருக்கிற ஐதரசனும் ஒட்சிசனும் கையை விடேல்லை. விட்டிருந்தா திரும்பத் தண்ணி எப்பிடி வரும்?" பக்கத்து வகுப்பிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அப்படிப்பட்டவர்தான் அந்தப் பிழையை விட்டார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அரச பரீட்சைக்கு முன் எழுதும் முன்னோடிப் பரீட்சைக்கு இவ்வருடம் புள்ளி போடுவதற்கான விடைத்திட்டம் எழுதியவர் அவர். தண்ணீர் கொதிக்கும்போது ஐதரசன், ஒட்சிசன் பிணைப்பு உடைகிறது என்று அதில் இருந்தது. அவர் அதைக் கண்டபோது பல பாடசாலைகளில் விடைத்தாள்கள் திருத்திப் பிள்ளைகள் கையிலும் கொடுத்தாயிற்று. சரியாக எழுதிய பிள்ளைக்குப் புள்ளி இல்லை. பிழையாக எழுதிய பிள்ளைக்குப் புள்ளி. ஈரல் நோய் என்று பிறகுதான் தெரிந்தது. விடைத்திட்டம் எழுதும்போதே அவருக்கு உடம்பு ஏலாமல் இருந்தது. களைப்பில் எழுதியதுதானே என்றேன். "களைச்ச கை எழுதினாலும் பிழை பிழைதான், சேர். பிள்ளையள் பெரிய சோதினையிலயும் இதைத்தானே எழுதப்போகுதுகள்."

கல்வி அலுவலகத்தில் ஓர் அதிகாரி நல்ல மனதோடுதான் வழி சொன்னார். "அச்சுப் பிழையெண்டு ஒரு கடிதம் அனுப்புவம், ரீச்சர். உங்கட பேர் ஏன் கெடவேணும்?" ரீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "அச்சுப் பிழையெண்டா ஒரு சொல்லை வெட்டிப்போட்டு விட்டிடுவினம். ஏன் பிழையெண்டு ஆர் விளங்கப்படுத்துறது? நான் போய்ச் சொல்லுறன்." உப்புக் கரண்டிதான் எனக்கு நினைவு வந்தது.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். பைக்குள் அந்தத் தட்டு. பின்னால் முணுமுணுத்தபடி நான். தோப்பூருக்குப் போன நாள் பஸ்ஸில் நிற்க இடமில்லை, வெயிலோ சொல்லி மாளாது. அங்கே வகுப்பில் நின்று, "விடையை எழுதினது நான். பிழையா எழுதிப்போட்டன்" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது யன்னலோரம் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இலங்கைத்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் மட்டும் மிஞ்சியது. அதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். "சுகமாகி வாங்கோ, ரீச்சர், சேர்ந்து போவம்" என்றேன். "சும்மா கதை விடாதேங்கோ. எனக்கு ஏலாது. நீங்க போங்கோ. தட்டு அலுமாரிக்குள்ள கிடக்கு." என்னோடு அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

செத்தவீடு முடிந்த கிழமை போனேன். அச்சுப் பிழை என்றே சொல்லிவிடலாம் என்று வழிநெடுக நினைத்தேன். ஆள்தான் இல்லை, பேராவது கெடாமல் இருக்கட்டுமே. வகுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தட்டைப் பிடித்தேன். துளிகள் சேர்ந்தன. அவர் சொல்வதையெல்லாம் சொன்னேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள்.

"அப்ப, சேர், இதை ஆர் பிழையா எழுதினது?"

தட்டை மேசையில் வைத்தேன்.

"பரமேஸ்வரி ரீச்சர். பிழையெண்டு கண்டுபிடிச்சதும் அவதான். உங்களிட்டச் சொல்லச் சொல்லி என்னை அனுப்பினதும் அவதான்."

"அவ ஏன் வரேல்லை, சேர்?"

அதற்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இந்த மலருக்காக நான் எழுதத் தொடங்கியபோது அவருடைய கணவர், "அந்தப் பிழைக் கதை வேணுமே, சேர்?" என்று தயங்கிக் கேட்டார். வேணும் என்றேன். பிறகு அவரே, "ஓம், இல்லாட்டி அவ ஏசுவா" என்றார். கொதிக்கிற தண்ணீரை வைத்து மரணத்துக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. அதற்கும் ரீச்சர் ஏசுவார். பாடத்தைப் பிரசங்கமாக்குவது அவருக்குப் பிடிக்காது.

தட்டு இப்போது என் மேசையில், குப்பைக்கு நடுவே இருக்கிறது. அதோடு, தோப்பூர் வகுப்பில் அவர் சொன்ன "பிழையா எழுதிப்போட்டன்" என்ற அந்த வசனத்தையும் வைத்திருக்கிறேன். என் வகுப்பில் அதைச் சொல்லவேண்டிய நாள் வரும். அன்றைக்கு உருகாமல் நின்று சொல்லவேண்டும்.