லேமினேஷன் போட்ட மனு

"பொருள்: அரசுத் தொடக்கப் பள்ளி எதுவும் ஒரு நாள்கூட ஆசிரியர் இல்லாமல் இருக்கக் கூடாது எனச் சட்டம் இயற்ற வேண்டுதல். நாள்: ஆடி இரண்டாம் வெள்ளி."

என் கையெழுத்தில் உள்ள இந்த மனு எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் கோப்பில் இருக்க வேண்டியது. என் மேசைமேல் இருக்கிறது. லேமினேஷன் போட்டதுதான் காரணம்.

மனு என் எதிர்வீட்டுக்காரியுடையது. இலத்தூருக்கு அப்பாலுள்ள எங்கள் சிற்றூரில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியும் அவள்தான். அவள் மகள் அப்போது நான்காம் வகுப்பு. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து எங்கள் பள்ளியில் ஒரே ஆசிரியை, நல்ல ஆசிரியை. அவர் பயிற்சிக்குப் போகிற நாளில் மாற்று ஆள் வந்தால் பள்ளி உண்டு. வராவிட்டால் பிள்ளைகள் பையோடு வீடு திரும்பும். அப்படி நடக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீடு தன் பிள்ளையைத் தென்காசித் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடும். அடுத்த ஜூனில் நம் வீட்டிலும் வேன்தான் என்று அவள் கணவர் சொல்லிவிட்டார். அவளுக்கோ மகள் இந்த ஆசிரியையிடமே ஐந்தாம் வகுப்பையும் முடிக்க வேண்டும்.

"மாத்து டீச்சர் அனுப்பணும்னு ஆர்டர் இருக்கத்தானே செய்யுது?" என்றேன்.

"இருந்து என்ன அண்ணாச்சி? ஆள் இல்லன்னு சொல்லுதாங்க. சட்டம்னா, ஏன் அனுப்பலன்னு சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம்லா?"

மனுவை எழுதிக் கொடுத்தேன். உறுப்பினரை அலுவலகத்தில் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் குளிக்க வருகிறார் என்று தெரிந்தது. ஊர் வரலாறு சேகரிக்கிறவன் நான்; வெள்ளைக்காரத் துரைமார் சாரலுக்காக இங்கே வந்து தங்கியதைப் பழைய குறிப்புகளில் படித்திருக்கிறேன். அதிகாரத்தை அருவிக்கரையில் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல.

அன்று காலை பேருந்தில்தான் மனுவைக் காட்டினாள். தென்காசி ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, தடித்த பிளாஸ்டிக்குக்குள் அடைத்து வாங்கியிருந்தாள்.

"சாரல்ல மை கரைஞ்சிரும்லா, அண்ணாச்சி."

நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

பேரருவியில் ஆண்கள் பக்கம் அவள் வர முடியாது. டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் அவளை நிறுத்திவிட்டு நான் வரிசைக்குள் நுழைந்தேன். உறுப்பினர் இடுப்புத் துண்டோடு, தலை நிறைய எண்ணெயோடு நின்றிருந்தார். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, துண்டோட நிக்கேன். இப்பமா மனு?"

"உடுத்த பெறவு போதும். ஒரு அம்மா அங்கன டீக்கடையில காத்துக் கிடக்கா."

குளித்துவிட்டு வந்தார், மறுக்கவில்லை. உதவியாளர் மனுவை வாங்கி, ஓரத்தில் குறிப்பு எழுதப் பேனாவை வைத்தார். பேனா வழுக்கியது. இன்னொரு பேனா வாங்கினார்; அதுவும் வழுக்கியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, மனுவுக்கு மழைக்கோட்டா?" என்றார் உறுப்பினர்.

"நீங்க நனையலாம் சார். அது நனையக்கூடாதுல்லா."

அவரும் சிரித்தார். "கையெழுத்துப் போடவும் முடியல, சீல் வைக்கவும் முடியல. இத எந்தக் கோப்புல வைக்க? சபையில எனக்குக் குடுக்குற நேரமும் கொஞ்சம். ஒரு வரியில சொல்லு பாப்போம், என்ன சட்டம் வேணும்?"

நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரியைக்கூட அவள் எடுக்கவில்லை.

"டீச்சருக்கு லீவுன்னா பள்ளிக்கூடத்துக்கும் லீவுன்னு ஆகக்கூடாது சார். அம்புட்டுத்தான்."

அவர் அதைத் தமக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கார் ஏறும்போது, எங்களுக்குக் கேட்கும்படி, இன்னொரு முறை சொன்னார். திரும்பும் பேருந்தில் அவள் மனுவை மடியில் வைத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அதில் அவளுக்கு நிறைவுதான்.

அதை என் மேசையில் வைத்துப் பார்த்து, அதே மனுவைப் புதுத்தாளில் எழுதித் தபாலில் அனுப்பினோம். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்திருக்கிறது. சட்டம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தொடரின்போது, சென்னையில் போலீஸ் வேலையிலிருக்கும் அவள் தம்பி போன் செய்தான். சபைக் காவலுக்குப் போயிருந்த சகா சொல்லிக் கேட்டதாம். "யக்கா, நீ சொன்ன அதே வரிய உள்ள சொன்னாங்களாம்."

அந்த 'சொன்னாங்களாம்' போதும் அவளுக்கு. அன்று மாலையே வேன்காரரைத் தெருவில் நிறுத்தி, "அண்ணே, எங்க பிள்ளைக்கு இடம் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். கணவர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, நெசமாவே பேசினாரா? நீங்கதான் எல்லாத்துக்கும் தேதி வச்சிருப்பியளே" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த நாளின் சபை நடவடிக்கைக் குறிப்பு இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. உறுப்பினரை இரண்டாம் முறை பார்த்துக் கேட்கவும் வாய்க்கவில்லை. அவள் மகள் ஐந்தாம் வகுப்பில், இங்கேயே இருக்கிறாள். அந்த வரி சபையில் பேசப்பட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.