ஆஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட்

கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் எங்கள் பஸ், அரசு ஆஸ்பத்திரி வாசலை உரசிக்கொண்டுதான் போகும், ஆனால் நிற்காது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வந்த வழியே வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். நான் அப்போது டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் ஜன்னல் வழியாக அந்த வாசலைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

தோன்றியது எதிர்வீட்டு மதினிக்கு. அவள் புருஷன் பம்புசெட் மெக்கானிக். எண்பதுகளின் நடுவில் அவருக்கு டிபி என்று சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் ஊசி, நடுவில் விட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஒரு நாள் அந்த ரோட்டில் பாதி தூரம் நடந்தவர், மூச்சு வாங்கி ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். சாகிறதானால் வீட்டிலேயே சாகிறேன், இனிமேல் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கெஞ்சிப் பார்த்த மதினி கடைசியில் பேரம் பேசினாள்.

"பஸ்ஸ அந்த வாசல்ல நிக்க வைக்கது என் பொறுப்பு. அதுவரைக்கும் அங்கங்க செத்த நேரம் உக்காந்தாவது நடங்க."

அவர் நம்பினாரோ இல்லையோ, நடந்தார்.

அடுத்த தடவை பஸ் ஏறியதும் மதினி கேட்ட டிக்கெட், ஆஸ்பத்திரி ரெண்டு. அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது என்றார் கண்டக்டர். விடிந்தும் விடியாமல் போணியே ஆஸ்பத்திரி என்றால் நாள் விளங்குமா என்று அவருக்கு வேறு எரிச்சல். மதினி சண்டை பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டிக்கெட்டையே வாங்கிக்கொண்டாள். அடுத்த முறையும் ஆஸ்பத்திரி என்றே கேட்டாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எங்கள் கண்டக்டர் கல்லைவிடக் கெட்டி.

பிறகு அவள் பக்கத்து சீட்டுகளில் பேச ஆரம்பித்தாள். கான்சாபுரத்திலிருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருகிறவள், மகாராஜபுரத்தில் ஏறும் சர்க்கரை வியாதிக்காரர், நிறைமாதக்காரிகள், எல்லாரிடமும் ஒரே பேச்சுதான்: எங்கே போகிறோமோ அதைச் சொல்லி டிக்கெட் கேளுங்கள். கொஞ்ச நாளில் கத்தரிக்காய் மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கூட ஆஸ்பத்திரி என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

நானும் கேட்டேன். அதில்தான் வந்தது வினை. கல்யாணமாகாத பெண் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்ற சேதி, நான் வீடு திரும்புமுன் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். நான் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். மறுநாள் என்னோடு பஸ்ஸில் ஏறி, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆஸ்பத்திரி ஒண்ணு. எம் மகளுக்கும் அதுவே குடுங்க" என்றாள். அன்றைக்கு என் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடைசியில் மதினியும் சில பெண்களும் மனு எழுதிக்கொண்டு பஸ் ஆபீசுக்குப் போனார்கள். தனியாக ஸ்டாப் வைக்கிற அளவுக்கு அங்கே யார் இறங்கப்போகிறார்கள் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். வசூலைக் கட்ட வந்திருந்த எங்கள் கண்டக்டர் தானாகவே முன்னால் வந்தாராம்.

"சார், எம் பஸ்ஸுல பாதிச் சனம் ஆஸ்பத்திரின்னுதான் கேக்காக. இல்லை இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கு."

மதினியை நினைத்து நான் மலைப்பது இதற்குத்தான். மறித்து நின்றவரையே அவள் தனக்குச் சாட்சியாக்கிவிட்டாள். நானாக இருந்தால் முதல் நாளே கண்டக்டரோடு மல்லுக்கு நின்று காரியத்தைக் கெடுத்திருப்பேன். அந்தப் பொறுமை எனக்கு இன்றுவரை வரவில்லை.

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்குள் மதினி வீட்டு அண்ணனுக்கு ஊசியெல்லாம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் முதன்முதலாக அந்த வாசலில் நின்ற அன்று அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் மதினியோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரி எல்லாம் இறங்குங்கள் என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் முதல் ஆளாக இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி எங்கேயும் உட்காராமல் நடந்தார். மதினிதான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.